என் பெயரில் நடந்த கால்கள்

அலுவலகத்தில் காலை பத்தரைக்குத் தேநீர் வரும். அன்று தேநீரோடு ரோல்ஸும் வந்திருந்தது. கதிரையை விட்டு எழும்பாமல், ஒரு கையில் ரோல்ஸும் மறு கையில் போனுமாக இருந்தபோதுதான் கவனித்தேன்: நான் நடந்துகொண்டிருந்தேன். போன் அப்படித்தான் சொன்னது. திரையை இழுத்து விடும்போதெல்லாம் நாற்பது, ஐம்பது அடி கூடியிருந்தது. மென்றால் அடி ஏறுகிறதோ என்று பார்க்க இன்னொரு ரோல்ஸ் எடுத்தேன். ஏறியது. விஞ்ஞானத்துக்காக மூன்றாவதையும் எடுத்தேன்.

இந்தக் கதையில் சிரிக்கக்கூடிய இடம் இதோடு அநேகமாக முடிந்துவிடுகிறது. நான் பழக்கதோஷத்தில் நடுவில் சிரிப்பு மூட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு ஒரே மகள். கொழும்பில் வேலை செய்கிறாள். அவளுடைய அம்மாவுக்குச் சீனி கூடியிருக்கிறது என்று இரத்தப் பரிசோதனையில் தெரிந்த மாதம், இரண்டு கைக்கடிகாரங்களை அனுப்பி வைத்தாள். ஒன்று அம்மாவுக்கு, ஒன்று எனக்கு. நேரம் காட்டுவது அவற்றுக்கு உபதொழில். காலடிகளை எண்ணுவதுதான் பிரதானம். எண்ணியதைப் போனுக்கு அனுப்பும். போன் அதை மகள் தொடங்கியிருந்த ஒரு குழுவுக்கு அனுப்பும். குழுவில் மூன்றே பேர். கொழும்பில் இருந்தபடியே எங்கள் இருவரையும் மேய்க்கலாம் என்பது அவள் திட்டம்.

பொருத்தும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். அலுவலகத்தில் என் மேசையில் கணினி இருக்கிறது என்பதே என் தகுதி. பார்த்தால் மூன்று செயலிகள். கடிகாரத்துக்குச் சொந்தமாக ஒன்று, போனோடு கூடவே வந்த ஆரோக்கியச் செயலி ஒன்று, மகளின் குழுச் செயலி ஒன்று. முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கும் அங்கிருந்து மூன்றாவதுக்கும் தகவல் போகவேண்டும். ஒவ்வொன்றும் மற்றதைக் கைகாட்டியது. இங்கே இல்லை, அந்த ஜன்னலில் கேளுங்கள். அங்கே போனால், முதல் ஜன்னலில் அனுமதி வாங்கி வாருங்கள். முப்பது வருடமாக இலிகிதர் வேலையில் நான் ஊருக்குச் செய்ததை மூன்று செயலிகள் சேர்ந்து எனக்குச் செய்தன.

என் போனில், கேட்ட எல்லா அனுமதிக்கும் ‘சரி’ என்று அழுத்தினேன். மனைவியின் போனை எடுக்கும்போது ஒரு பயம் வந்தது. போனில் எதற்காவது ‘சரி’ கொடுத்து ஏமாந்தவர்கள் கதை அப்போது ஊரெல்லாம் அடிபட்டது. ஆகவே பாதுகாப்புக்காக, அவள் போனில் எல்லாவற்றுக்கும் ‘வேண்டாம்’ கொடுத்தேன்.

கடைசியில் கடிகாரச் செயலி மின்னஞ்சல் முகவரி கேட்டது. எங்கள் வீட்டில் இருப்பதே ஒன்றுதான், போன் வாங்கிய கடையில் என் பெயரில் திறந்து தந்தது. மனைவியிடம் கேட்டேன்.

“லைட் பில், தண்ணி பில் எல்லாம் ஒங்க பேர்லதானே இருக்கு. இதையும் அதுலயே போட்டு விடுங்க” என்றாள்.

போட்டேன். அதோடு அவள் கால்களும் என் பெயருக்கு மாறிவிட்டன. அது எங்களுக்குத் தெரியவில்லை.

எங்கள் வீடு மஹய்யாவயில். ரோட்டிலிருந்து எண்பத்திரண்டு படி இறங்கவேண்டும். மனைவி பிளவுஸ் தைப்பவள். அளவு எடுக்க, தைத்ததைக் கொடுக்க, கழுத்து இறங்கிவிட்டது என்று திரும்பி வந்ததைச் சரிசெய்ய, ஒரு நாளில் அந்தப் படிகளை எத்தனை தடவை ஏறி இறங்குவாள் என்று அவளுக்கே தெரியாது. நான் காலையில் ஏறுவேன், மாலையில் இறங்குவேன். நடுவில் கதிரை.

முதல் ஞாயிற்றுக்கிழமை மகள் அழைத்தாள். போனை மேசையில் வைத்து இருவரும் கேட்டோம்.

“அப்பா, பதினோராயிரமா? நெசமாவா?”

“என்னமோ மகள், இப்படி அப்படி நடக்கிறதுதான்” என்றேன். எனக்கே ஆச்சரியம்தான். ஆனால் பாராட்டு வரும்போது ஆச்சரியப்படுவது அழகில்லை.

“அம்மா, நீங்க முந்நூத்தி நாப்பது. இது அடுப்படியிலேர்ந்து பாத்ரூம் போய்ட்டு வந்ததா?”

மனைவி சிரித்தாள். அடுத்த ஞாயிறும் அதே கணக்கு வந்தபோது சிரிக்கவில்லை. மகள் பயத்தில் குரலை உயர்த்தினாள். “சீனி ஏறிக்கிட்டுப் போகுது, நீங்க ஒக்காந்தே இருக்கீங்க. அப்பாவப் பாருங்கம்மா!”

அப்பாவைப் பாருங்கள் என்று என் வாழ்க்கையில் ஒருவரும் சொன்னதில்லை. மகள் என் அடிக் கணக்கைப் படமெடுத்து, சொந்தக்காரர் எல்லாரும் இருக்கும் குடும்பக் குழுவில் போட்டாள். என் தொப்பையைப் பற்றி இருபது வருடமாகப் பேசிவரும் மாத்தளை மைத்துனர், “வாழ்த்துகள் அத்தான். வயித்தையும் கூட்டிக்கிட்டா போறீங்க, இல்ல வீட்ல வச்சிட்டா?” என்று எழுதினார். அவர் வாழ்த்தியதே அதுதான் முதல் தடவை.

ரோல்ஸ் தின்றுகொண்டே நடந்த அந்தக் காலையில் எதிர் மேசைக்காரர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அலவத்துகொடயிலிருந்து வருபவர். போன் விஷயத்தில் கெட்டிக்காரர், சிரிக்கவைக்கும் பகிடிக்கு எனக்கு நேர் போட்டி.

“மச்சான், குந்தின எடத்துலயே ஈக்கிறீங்க, அடி மட்டும் ஏறுது. ஜின், பேய் ஏதும் புடிச்சீக்கா?” என்று போனை வாங்கித் தட்டிப் பார்த்தார். “இந்தா, இதுல ரெண்டு வாட்ச் ஈக்கி. ஒண்டு ஒங்கட. மத்தது யார்ட?”

“என் மனைவியோடது” என்றேன், ரோல்ஸைத் தட்டில் வைத்துவிட்டு.

“அவங்கட வாட்ச் எண்ணுறது ஒங்கட கணக்குல வந்து விழுது” என்றார். “அவங்கட போன்ல ஒண்டுக்கும் அனுமதி குடுத்தில்ல போல, அத கையில வச்சி நடக்கிறத மட்டும்தான் அது எண்ணும். அவங்க நடக்க, ஒங்களுக்குப் பேர். புது ஈமெயில் ஒண்டு தொறந்து பிரிச்சி வுட்டா சரி. ரெண்டு நிமிசம். இப்பவே செய்வமா?”

“நாளைக்குப் பார்ப்போம்” என்றேன்.

முப்பது வருடமாகப் பொதுமக்களுக்குச் சொல்லிப் பழகிய வாக்கியம். தானாகவே வந்தது. அந்த நாளைக்கு வருவதற்குப் பத்தொன்பது நாள் எடுத்தது.

அதுவரை நடந்தது தெரியாமல் நடந்தது. அன்று பத்தரைக்குப் பிறகு நடந்ததற்கு நானே பொறுப்பு. நான் செய்த கணக்கு இதுதான்: இன்னும் ஒரு ஞாயிறு பாராட்டு வாங்கிக்கொண்டு, சத்தமில்லாமல் சரிசெய்துவிடலாம். போன் பிழை என்று சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள்?

ஆனால் மனைவி எனக்கு முன்னால் அதைக் கண்டுபிடித்துவிட்டாள். ஒரு மாலை கையை நீட்டினாள்.

“என்னங்க, கையில ஒம்பதாயிரம்னு காட்டுது. போன்ல நானூறுன்னு காட்டுது. எதுங்க சரி?”

உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல இடம் எவருக்கும் கிடைத்திருக்காது. நான் சொன்னது இது: “போன்தான் சரி. கைய ஆட்டினாலே வாட்ச் எண்ணும். நீ நாள் முழுக்க மிஷின்ல கைய ஆட்டுறியே, அதத்தான் அது நடைன்னு நெனச்சிக்குது.”

அவள் தன் கையைப் பார்த்தாள், தையல் மிஷினைப் பார்த்தாள். “அப்ப நான் நடக்கவே இல்லையா?” என்றாள். அதோடு நிறுத்தினேனா? “சின்னச் சின்னதா ஆரம்பிக்கணும். எடுத்த எடுப்புல என்னை மாதிரி நடக்க ஏலாது” என்று புத்தியும் சொன்னேன். இதை எழுதும்போதுகூடக் காது சூடாகிறது.

மறுநாளிலிருந்து அவள் மாலையில் டவுனில் உள்ள வாவியைச் சுற்றி நடக்கத் தொடங்கினாள். வாட்ச் இருக்கிறதே என்று போனை வீட்டில் வைத்துவிட்டுத்தான் போவாள். திரும்பி வந்து முதல் வேலையாகப் போனைத் திறப்பாள். நானூற்றுப் பத்து. அடுத்த நாள் இரண்டு சுற்று. முந்நூற்றுத் தொண்ணூறு. ஒருநாள் துணைக்கு நானும் போனேன். அவள் போய்ச் சுற்றி வரட்டும் என்று கரையோரப் பெஞ்சில் உட்கார்ந்தேன். அவள் ஒரு சுற்று வருவதற்குள் நான் கச்சான் கடலைச் சுருள் ஒன்றை முடித்தேன். அந்தச் சுற்றும் என் பெயரில் ஏறியது.

எதிர் மேசைக்காரர் தினமும் கேட்பார். “என்ன மச்சான், இன்னும் பிரிக்கல்லயா? பாவம் மனிசி.” முதலில் சிரித்துக்கொண்டு கேட்டவர், பிறகு சிரிக்காமல் கேட்டார். அதன் பிறகு கேட்பதை விட்டுவிட்டார். அது இன்னும் மோசமாக இருந்தது.

மூன்றாவது வாரம் அவளுடைய இடது முழங்கால் வீங்கியது. எண்பத்திரண்டு படியையும் பக்கவாட்டாக, என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். டவுனில் நாங்கள் வழக்கமாகப் போகும் டிஸ்பென்சரிக்குப் போனோம். டொக்டர் யாழ்ப்பாணத்துப் பெண். வீக்கத்தை அழுத்திப் பார்த்துவிட்டு, “ஒரு நாளைக்கு எவ்வளவு நடக்கிறனீங்கள்?” என்று கேட்டார்.

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். “நான் நடக்கிறதே இல்லங்க டொக்டர். நானூறு அடிதான் காட்டுது. எவ்வளவோ பாக்குறேன், ஏறவே மாட்டேங்குது.”

“இது நடக்காத ஆளின்ர முழங்கால் இல்லையே அம்மா. உங்கட கையில உள்ளது வேற கணக்கெல்லோ காட்டுது?”

“அது பிழைங்க டொக்டர்” என்று மனைவி கடிகாரத்தை மறு கையால் மூடினாள். “மிஷின்ல கைய ஆட்டுறதத்தான் எண்ணுதாம். அவர் சொன்னாரு.”

டொக்டர் என்னைப் பார்த்தார். என் பொய் அவ்வளவு நம்பிக்கையான ஒரு குரலில், அவ்வளவு வெட்கத்தோடு திரும்பி வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை. அவள் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தாள். நான் பட வேண்டியதை எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் பட்டுக்கொண்டிருந்தாள்.

“வாட்ச் சரி டொக்டர்” என்றேன். “அவ நடக்கிறது என் கணக்குல விழுது. எனக்குத் தெரியும். மூணு கிழமையாத் தெரியும்.”

மனைவி கடிகாரத்தை மூடியிருந்த கையை எடுத்தாள்.

“ஓமோ?” என்றார் டொக்டர், எழுதியபடியே. “அப்ப உங்கட சொந்த நடை எவ்வளவு?”

“ஆயிரம் இருக்கும். சில நாள் தொள்ளாயிரம்.”

“அதில கை ஆட்டினது எவ்வளவு?”

இரண்டு கிழமைக்குப் படி ஏறக்கூடாது, வாவிப் பக்கம் போகவே கூடாது என்று மனைவிக்கு எழுதிக் கொடுத்தார். எனக்கு ஒன்றும் எழுதவில்லை.

ஆட்டோவில் வரும்போது திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் பதிலுக்கு ஒரு பகிடி விட்டுச் சமாளிக்கலாம். இத்தனை வருடமும் அப்படித்தான் தப்பியிருக்கிறேன். அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தியில் ஆட்டோ நின்றபோது சொன்னாள்:

“முழங்கால் வலி கெடக்கட்டும். நான் சோம்பேறின்னு நானே நம்பிட்டேன் பாருங்க. காலையில எழும்பினதுலேர்ந்து ஓடிக்கிட்டு இருக்கேன், அது எனக்கே தெரியாமப் போச்சு. அதத்தான் யோசிக்கிறேன்.”

ஆட்டோவை விட்டு இறங்கியதும், படி இறங்க அவளுக்குத் தோளைக் கொடுத்தேன்.

ஞாயிறு வரை காத்திராமல் அன்று மாலையே மகளை அழைத்தேன். “மகள், ஒங்கப்பா உலகத்திலேயே முதல் தடவையா கதிரையில இருந்துக்கிட்டே…” என்று ஆரம்பித்தேன்.

“அப்பா, ஜோக் அடிக்காமச் சொல்லுங்க.”

சொன்னேன். மிஷின் பொய்யையும் சொன்னேன். வாவிக்கரைக் கச்சானைச் சொல்லவில்லை. அதற்கு மட்டும் வாய் வரவில்லை. கேட்டு முடிந்ததும் அவள், “அம்மாகிட்ட குடுங்க” என்றாள். நான் அடுப்படிக்குள் போய் நின்றேன். “அழாத, நீ என்ன செய்வ, ஒனக்குக் காட்டினதத்தானே சொன்ன” என்று மனைவி ஆறுதல் சொல்வது கேட்டது. இரண்டு பேரையும் நானே நோகவைத்துவிட்டு, அரிசி களைந்துகொண்டிருந்தேன்.

மறுநாள் மனைவியின் போனை அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். எதிர் மேசைக்காரர் சொன்னபடியே இரண்டு நிமிடம்தான். அவள் பெயரில் மின்னஞ்சல் திறந்து, அனுமதிகளுக்கெல்லாம் ‘சரி’ கொடுத்தார். “இனி அவங்கட அவங்களுக்கு. ஆனா பழசப் பிரிக்க ஏலா மச்சான். ரெண்டும் கலந்து ஒங்கட பேருலதான் ஈக்கும். வேணுமெண்டா முழுசா அழிச்சி வுடலாம்.”

அழித்தால் என் பொய்யோடு அவள் நடந்ததும் போய்விடும். இதை நான் தனியாக முடிவெடுக்கக்கூடாது என்கிற அளவுக்காவது புத்தி இருந்தது. வீட்டுக்கு வந்து, காலை முக்காலியில் நீட்டியிருந்தவளிடம் காட்டினேன். ஒவ்வொரு நாளாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். பதினாலாயிரம் காட்டிய நாளில் நிறுத்தி, “இது அந்தக் கல்யாண வீட்டு பிளவுஸ் குடுத்த நாள்” என்றாள்.

“அழிக்கவா?”

“எதுக்கு? நான் நடந்தது. ஒங்க பேர்லயே கெடக்கட்டும். யாருதுன்னு கேக்குறவங்களுக்கு நீங்களே சொல்லுங்க.”

யாராவது கேட்கும்வரை காத்திருந்தால் அது இன்னொரு ‘நாளைக்கு’ ஆகிவிடும். குடும்பக் குழுவைத் திறந்தேன். மாத்தளை மைத்துனரின் வாழ்த்து அங்கேயே இருந்தது. அதற்குக் கீழே எழுதத் தொடங்கினேன். முதலில் எழுதியதில் இரண்டு பகிடி இருந்தது. அழித்தேன். அடுத்ததில் ஒன்று. அதையும் அழித்தேன். மூன்றாவது இரண்டே வரி: அந்தக் காலடிகள் ஒங்க அக்காவுடையவை. எனக்குத் தெரிந்தும் சொல்லாமல் இருந்தேன்.

அனுப்பினேன். மைத்துனர் பார்த்துவிட்டார் என்று போன் காட்டியது. பதில் வரவில்லை. எதற்கும் பகிடி வைத்திருக்கிற மனிதர்.

“உலை கொதிக்குது பாருங்க” என்றாள் மனைவி, தலையைத் திருப்பாமல்.

எழும்பிப் போனேன்.