கேட்டுவிட்டு வாயை மூடுகிறவள்

"ஊருல கடைசியா உங்க பேச்சை யாருங்க கேட்டாங்க?" என்று கேட்டுவிட்டு ஷிரின் ஒரு கிராம்பை வாயில் போட்டுக்கொள்கிறாள். கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் பஸ். வளைவுக்கு வளைவு எல்லோரும் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். பக்கத்து சீட்டுப் பையன் யோசிக்கிறான், ஜன்னல் வழியே பார்க்கிறான், சும்மா சிரிக்கிறான். இவள் வாயே திறக்கவில்லை. நானாக இருந்தால் அதற்குள் அவனுக்கு நாலு பதில் எடுத்துக் கொடுத்திருப்பேன்.

எங்கள் தெருப் பெண்தான். சின்னப் பிள்ளையிலிருந்து பார்க்கிறேன், வாயாடி என்றால் அப்படியொரு வாயாடி. அவளுடைய அத்தா கலீலுல்லாவின் பேக்கரியில் இவள் கல்லாவில் உட்கார்ந்த நாட்களில், பன் வாங்க வந்தவர் டீ ஆறிப்போகப் பேசிவிட்டுத்தான் போவார். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள்: அடுத்தவர் பேசக் காத்திருப்பது! கிராம்பு அதற்குத்தான். "பல்லு வலியான்னு கேக்கறாங்கக்கா. ஆமான்னு சொல்லிக்கினு போயிடுவேன்" என்கிறாள்.

ஜனநாயகத்தைப் பற்றி இளைஞர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது அவளுடைய முனைவர் பட்ட ஆராய்ச்சி. சென்னையில் ஒரு பல்கலைக்கழகம் மாதாமாதம் உதவித்தொகை கொடுத்து இதைச் செய்யச் சொல்லியிருக்கிறது. கலீலுல்லாவால் இன்னும் நம்ப முடியவில்லை. "பசங்க இன்னா நெனைக்கிறாங்கன்னு கேக்கறதுக்குச் சம்பளமா? நம்ம கடையில குந்திக்கினு இருந்தா ஓசியிலயே கேக்கலாமே!" என்பார். சொல்லிவிட்டு, கடைக்கு வருகிறவரிடமெல்லாம் தானே அந்தப் பேச்சை எடுப்பார். பெருமை தாங்கவில்லை மனிதருக்கு.

மலையில் எந்த வீட்டுக்குப் போனாலும் பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப் போடுகிறார்கள். இவள் அதை ஓரமாக நகர்த்திவிட்டுத் தரையில் உட்காருகிறாள். "அதுல குந்தினா நான் ஆபீசரு ஆயிடறேன்க்கா. அப்புறம் எல்லாம் நல்லபடியா இருக்குதுங்கன்னு சொல்லிடுவாங்க." சுடிதாருக்குக் கீழே பையன்கள் போடுகிற கனத்த ஷூ. செம்மண் அப்பிய அந்த ஷூவோடு அம்மா நூர் பீவி அவளை வீட்டுக்குள் விடுவதில்லை. முக்காட்டின் நுனி எப்போதும் இடுப்பில் செருகியிருக்கும், நாற்று நடப் போகிறவள் மாதிரி.

முதல் சுற்றில் அவள் செய்த கோளாறை எங்கள் ஊர்க்காரி மட்டும்தான் செய்திருக்க முடியும். வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குள் நுழையக் கூடாது என்று வளர்த்த பெண். கடையிலிருந்து பை நிறையத் தேங்காய் பன் எடுத்துக்கொண்டு மலையேறினாள். பேட்டி கொடுத்த ஒவ்வொருவர் கையிலும் ஒன்று. பிள்ளைகள் வாங்கிக்கொண்டார்கள், கேட்டதற்கெல்லாம் தலையாட்டினார்கள், ஓட்டு எங்கள் உயிர் என்றார்கள். கிளம்பும்போது ஒரு பையன் ஓடிவந்து, யாருக்கும் கேட்காமல் குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "கவலைப்படாதீங்கக்கா. உங்களுக்கேதான் போடறோம். சின்னம் மட்டும் சொல்லிட்டுப் போங்க."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. தேர்தல் நெருங்குகிற வருஷம், கையில் தின்பண்டம். அந்தப் பிள்ளைகள் வேறு என்னதான் நினைப்பார்கள்! சேர்த்த பேட்டி அத்தனையும் பாழ். மறைத்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. அவள் சென்னைக்குப் போய் நடந்ததை அப்படியே சொன்னாள். ஆய்வுக் குழுவினர் சிரித்தார்கள், ஒரு வாய்ப்புக் கொடுத்தார்கள், கூடவே ஒரு கண்டிப்பும் வைத்தார்கள். நடப்பதைப் பார்த்து எழுதலாம். மறுபடி எதிலாவது அவள் கை பட்டிருந்தால் உதவித்தொகை நின்றுவிடும், ஆராய்ச்சியும் அதோடு சரி. கலீலுல்லா அன்றைக்கே, "வுட்டுட்டு வாம்மா, கடை இருக்குது, மாப்பிள்ளையும் பாத்துக்கினுதான் இருக்கோம்" என்றார். அவள் மறுநாள் காலை பஸ்ஸில் இருந்தாள், இந்த முறை வெறும் பையோடு.

அப்படிப் போய்வந்த ஒரு நாள் சாயந்திர பஸ்ஸில்தான் எழில்மதி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூர். கள்ளக்குறிச்சிக் கல்லூரியில் படிக்கிற பெண். அவளிடமும் அதே கேள்விதான். இறங்கப் போகும்போது சொன்னாள்: "எங்க ஊருல ஓட்டு பதினெட்டு வயசுல வந்துடும்க்கா. பேச்சு கல்யாணத்துக்கு அப்புறந்தான்."

அந்த ஊர் வழக்கம் அது. ஊர்க் கூட்டத்தில் கல்யாணம் ஆகாதவர்கள் வாய் திறக்கக் கூடாது, ஆணானாலும் பெண்ணானாலும். பின்னால் நின்று கேட்டுக்கொள்ளலாம். "இதுக்காவ எவனையாவது கட்டிக்க முடியுமாக்கா?" என்று எழில்மதி கேட்டதைச் சொல்லும்போது ஷிரின் கிராம்பைத் துப்பிவிட்டு வாய்விட்டுச் சிரிக்கிறாள். அவளுக்கும் கல்யாணம் ஆகவில்லை, இருபத்தெட்டு நடக்கிறது.

எழில்மதிக்குப் பேச வேண்டியது இருந்தது. சாயந்திர பஸ் வெள்ளிமலையோடு நின்றுவிடுகிறது. கல்லூரி விட்டு வருகிற பிள்ளைகள் மீதி வழியைக் காட்டுக்குள் இருட்டில் நடக்கிறார்கள். இதனாலேயே அவளுடைய தோழிகள் சிலர் படிப்பை விட்டு மரவள்ளிக் கொல்லைக்குப் போய்விட்டார்கள். "நீங்க படிச்சவங்க, உங்க பேச்சுன்னா கேப்பாங்க. எங்களுக்காவ ஒரு வார்த்தை பேசுங்கக்கா" என்று ஷிரினின் கையைப் பிடித்துக் கேட்டிருக்கிறாள். "நான் பேசக் கூடாது எழில்" என்று இவள் சொல்லியிருக்கிறாள். அதற்குப் பிறகு ஒரு வாரம் அந்தப் பெண் பஸ்ஸில் இவள் பக்கம் திரும்பவில்லை. வீட்டில் மகளுக்குச் சோறு இறங்கவில்லை என்று நூர் பீவி என்னிடம் வந்து புலம்பினாள்.

சுதந்திர தினத்தன்று அந்த ஊர்க் கிராம சபைக்கு நானும் கூடப் போனேன். பள்ளிக்கூடத்து வாசலில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்து முடித்திருந்தார்கள். ஷிரின் பெண்களின் வரிசைக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்தாள். ஊர்ப் பெரியவர் அம்மாசி, "வேற ஏதாச்சும் கேக்கணுமா?" என்றார். பின்னாலிருந்து எழில்மதி முன்னே வந்து நின்றாள். சாயந்திர பஸ் நம்ம ஊர்வரை வர வேண்டும், சபை அதைத் தீர்மானமாகப் போட வேண்டும் என்று சொல்லி முடித்தாள்.

எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின. பிறகு முன்வரிசையில் ஒருவர், "கல்யாணம் ஆவாத பொண்ணு சபையில பேசறது இன்னா பழக்கம்?" என்றார்.

"ஓட்டு கேக்க எங்க வூட்டுக்கு வந்தீங்களே மாமா, அப்ப எனக்குக் கல்யாணம் ஆச்சான்னு கேட்டீங்களா?"

பெண்கள் பக்கம் சிரிப்பு கிளம்பியது. அவரும் தலையைச் சொறிந்துகொண்டார். அம்மாசி சிரிக்கவில்லை. அந்தப் பெண்ணை மேலும் கீழும் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். "பழக்கம் பழக்கந்தான். ஆனா கேட்டது ஞாயம். பஸ்சு வேணுங்கறவங்க கை தூக்குங்க. நின்னுக்கினு இருக்கற புள்ளைங்களும் தூக்கலாம்."

ஒரு கைகூட எழவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாராவது ஒருவர் தூக்கிவிட்டால் போதும், மற்றதெல்லாம் தானே எழும் என்று எனக்கே தெரிந்தது. எழில்மதி தலைகளுக்கு மேலாக ஷிரினைத் தேடிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் தாங்கியிருக்க மாட்டேன்.

ஷிரின் இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் கொடுத்து, அவற்றின் மேல் அழுத்தி உட்கார்ந்தாள். பின்னால் நின்ற பையன்களில் ஒருவன் தூக்கினான். அவனுக்குப் பக்கத்தில் ஒருத்தி. பிறகு பெண்கள் வரிசை, பிறகு முன்வரிசை. கூட்டம் முழுக்கக் கையாக நின்றபோது ஷிரினின் கண்ணிலிருந்து தாரையாக வழிந்தது. அதைத் துடைத்துக்கொள்ளக்கூட அவள் கையை வெளியே எடுக்கவில்லை.