பச்சைக் காரும் பெட்ரோல் குழாயும்

வெர்னா ஸ்டோக்லி வேர்க்கடலையை ஓட்டோடு வாங்கித் தின்பவள். இந்தியானாவின் பந்தயத் திடல்களில் அது லேசான குற்றமல்ல. ஓட்டுநர்களின் நம்பிக்கைப்படி, கார்கள் நிற்கும் இடத்தில் கடலை ஓடு விழுந்தால் ஆபத்து, பச்சைக் கார் ஆபத்து, ஒரு காலத்தில் பெண்ணும் ஆபத்து. ஹார்லன் கிராசிங் திடலுக்கு மூன்று ஆபத்தும் ஒரே ஆளாக வந்து சேர்ந்தது.

இளம் வயதில் அவளைக் கம்பி வேலிக்கு வெளியே உட்கார வைத்தார்கள். கார் அவளுடையது, எஞ்சினைப் பிரித்துக் கோத்தவள் அவள், ஓட்டியது மட்டும் அவள் அண்ணன். பெண்களை உள்ளே விட்ட வருஷம், தன் ஷெவெல் காருக்கு அவள் பாட்டில் பச்சை அடித்தாள். "ஒரு பயத்தை விட்டீங்கல்ல, இதையும் சேர்த்து விடுங்க" என்றாள். வேலை பார்த்த பல்சக்கரத் தொழிற்சாலையில் ஆண்களுக்குக் கொடுக்கும் கூலியைப் பெண்களுக்கும் கேட்டு மேலாளர் அறை முன் நின்றபோதும் இதே குரல்தான். ஷிப்ட் முடிந்தால் ஊர் நூலகம். வானியலும் படிப்பாள், தொழிலாளர் சட்டமும் படிப்பாள். காரணம் தெரியாத எதையும் அவளால் சும்மா விட முடியாது.

போன கோடையில், பந்தயத்துக்கு முன் அவள் காருக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்த வேட் பிக்கெட்டின் கார் ஓட்டத்தின் நடுவில் தீப்பிடித்தது. வேட் உயிரோடு வெளியே வந்தான். வலது கைத்தோல் போயிற்று. தீ அணைவதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது: பச்சைக் கார். திடல் சொந்தக்காரர் ஆர்வில் டீக் குளிர்காலத்தில் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"வேற கலர் அடிச்சுட்டு வா வெர்னா. இல்லேன்னா இந்த வருஷம் வராத. எனக்கு ஒண்ணுமில்ல, பசங்க பயப்படறாங்க."

அவள் கொதித்துப்போனாள். ஆனால் அடுத்த வாரம் காதில் விழுந்த சேதி அந்தக் கோபத்தைப் பின்னுக்குத் தள்ளியது. வேட் புது எஞ்சின் கோக்கிறானாம், வேலை செய்வது போன தடவை செய்த அவன் மச்சான் கிளீட்டேதானாம். காரணம் பச்சை என்று முடிவு கட்டியவர்கள் எஞ்சினுக்குள் எதைத் தேடியிருப்பார்கள்? எதை மாற்றியிருப்பார்கள்?

அவள் வேட்டின் கொட்டகைக்குப் போனாள். கிளீட் வாசலிலேயே மறித்தான்.

"காரைத் தெருமுனையிலேயே நிறுத்திட்டீங்களா மிஸ் வெர்னா? எங்க கூரைக்கு இன்ஷூரன்ஸ் இல்ல."

"பிக்-அப்ல வந்தேன்டா. அது வெள்ளை. தைரியமா மூச்சு விடு."

வேட் சிரித்துவிட்டான். கிளீட் சிரிக்கவில்லை.

புது எஞ்சினின் தலையில் சூப்பர்சார்ஜர் உட்கார்ந்திருந்தது. அது காற்றை அழுத்தித் திணிக்கும், அதற்கு ஈடாகப் பெட்ரோலும் கொட்ட வேண்டும். அதனால் பழைய மெல்லிய குழாயை எடுத்துவிட்டுக் கட்டைவிரல் பருமனில் புதிது போடுவார்கள். குழாய் எவ்வளவு பெரிது என்று திடல் முழுக்கப் பெருமை பேசுவார்கள். எந்த வழியாகப் போகிறது என்று பேசுபவர்கள் குறைவு. வெர்னா டார்ச்சை அடித்துப் பார்த்தாள். அவள் பயந்தது சரிதான். வலது பக்கமாக வந்த குழாய், எஞ்சினின் முன்புறம் சூப்பர்சார்ஜரைச் சுழற்றும் பெல்ட்டை உரசாத குறையாக ஏறியது.

"போன தடவையும் இதே வழிதானா?"

"ஆமா. அதுல என்ன? பெல்ட் அறுந்துச்சு. புது பெல்ட்டு, சும்மா அறுமா? பக்கத்துல என்ன நின்னுச்சுன்னு யோசிங்க" என்றான் கிளீட்.

"பெல்ட் அறும். என்னோடதும் அறுந்திருக்கு. நான் எரியலையே, ஏன்?"

மூலையில் எரிந்த சாமான்கள் ஒரு வாளியில் கிடந்தன. அவள் கிளறி, குழாயைப் பிடித்திருந்த இரும்புக் கிளிப்பை எடுத்தாள்.

"இதை எங்க மாட்டினே?"

"முன்னாடி. அங்க போல்ட் ஓட்டை ஏற்கெனவே இருந்துச்சு."

"வேட், நீயே அந்த இடத்துல வெச்சுப் பாரு. எந்தப் பக்கம் வளைஞ்சிருக்கு?"

வேட் கறுத்த கிளிப்பைத் தழும்பேறிய கையில் வாங்கிப் பொருத்திப் பார்த்தான். பெல்ட் சுற்றும் திசையில் அது வளைந்திருந்தது. அவன் விரல் பெல்ட்டின் மேல் மெதுவாகப் போய், கிளிப்பில் வந்து நின்றது.

"அறுந்த பெல்ட் சவுக்கு மாதிரி அடிச்சுக் குழாயைப் பிடுங்கியிருக்கு. பீறிட்ட பெட்ரோல் கொதிக்கிற புகைக்குழாய் மேல விழுந்திருக்கு. இதுல பச்சை எங்கடா இருக்கு?"

கிளீட்டின் முகம் வெளுத்தது. "அப்போ, இவனை எரிச்சது நான்தான்ங்கறீங்களா?"

வெர்னா வாய் வரை வந்த சூடான பதிலை விழுங்கினாள். இந்த மனிதனுக்குப் பச்சைக் கார் ஏன் அவ்வளவு அவசியப்பட்டது என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. தன் கை செய்த வேலையைப் பார்க்கப் பயப்படுகிறவனுக்குச் சுட்டிக்காட்ட ஒரு நிறம் வேண்டும், ஒரு பெண் வேண்டும். ஊரும் கூட நின்று சுட்டிக்காட்டும், ஏனென்றால் அங்கே ஒவ்வொருவன் காரிலும் ஓட்டை இருந்த இடத்தில் மாட்டிய ஒரு கிளிப் இருக்கிறது.

"எல்லாரும் மாட்டற மாதிரி நீயும் மாட்டினே. தெரியாம செஞ்சே. ஆனா இப்போ தெரிஞ்சு போச்சு. இனிமே அதே இடத்துல மாட்டினா, அப்போ எரிச்சது நீதான்."

கிளீட் ஸ்பேனரை எடுத்துக் குழாயைக் கழற்றத் தொடங்கினான்.

"எந்த வழியா போடணும்?" என்றான், அவளைப் பார்க்காமல்.

"இடதுபக்கச் சட்டத்தோட ஒட்டி வா. கிளட்ச் சிதறினாலும் வெட்டாம இருக்க, அது கிட்ட கனத்த இரும்புக் குழாய்க்குள்ள நுழைச்சு விடு. எஞ்சினுக்குப் பின்னாலிருந்து மேல ஏத்து. பெல்ட் பக்கமே போகாத, புகைக்குழாய்க்கும் எட்டியே போடு."

வசந்தத்தில் முதல் பந்தய நாள். வெர்னா அதே பச்சையோடு திடலுக்கு வந்தாள். ஆர்வில் கதவருகில் கையைக் குறுக்கே நீட்டினார். உள்ளே ஓட்டுநர்கள் வழக்கமான கூட்டத்துக்குக் கூடியிருந்தார்கள். வேட் அங்கிருந்தே குரல் கொடுத்தான்.

"அவங்களை விடுங்க ஆர்வில். கோளாறு என் காருக்குள்ளதான் இருந்துச்சு. பெட்ரோல் குழாய்."

"மாட்டினது நான்" என்றான் கிளீட், தொப்பியைக் கண்ணுக்கு இழுத்துவிட்டு.

ஆர்வில் கையை இறக்கினார். கூட்டம் கலைந்ததும் இரண்டு பேர் தங்கள் கார் முன்மூடியைத் திறந்து குனிந்தார்கள். ஒருவன் தன் குழாய் போகும் வழியைப் பார்த்ததும் சத்தமாகக் கெட்ட வார்த்தை சொன்னான்.

வெர்னா காரை நிறுத்திவிட்டு வேட்டின் வண்டியை எட்டிப் பார்த்தாள். குழாய் பின்பக்கமாகத்தான் ஏறியிருந்தது. நிம்மதியாகக் கடலைப் பையைப் பிரித்தாள். உடனே வேட் தன் காரைக் கிளப்பினான்.

"எங்கடா போற?"

"அடுத்த வரிசைக்கு. தப்பா நினைக்காதீங்க மிஸ் வெர்னா. குழாயை மாத்தியாச்சு, பெல்ட்டை மாத்தியாச்சு. ஆனா அந்தக் கடலை... எதுக்கு வம்பு?"

"போ போ" என்றாள் வெர்னா. "அந்தப் பயத்தை அடுத்த குளிர்காலத்துல கழட்டறேன்."