துரட்டி முனையில் நான்கு முட்டைகள்

எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள ஊரணியில் தாமரைக்கொடி மண்டிக் கிடந்தது. பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள், நீச்சல் தெரியும் என்ற தைரியத்தில் தினமும் அதில் இறங்குவாள். கொடி அவள் காலைச் சுற்றுவதுபோல எனக்குக் கனவுகூட வந்தது. அதனால்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருப் பெண்களைத் திரட்டி, ஊரணியைச் சுத்தம் செய்யக் கிளம்பினேன். ஒரு கொடிகூட மிஞ்சக்கூடாது என்பது என் கணக்கு.

கரையில் நின்றபடி நீள மூங்கில் துரட்டியின் கொக்கியை ஒரு கொடியில் மாட்டி இழுத்தேன். இலையும் பாசியுமாக ஒரு திட்டு சேர்ந்து வந்தது. உடனே நீண்ட வால் உள்ள பறவை ஒன்று அலறிக்கொண்டு தண்ணீரில் விழுந்து சிறகை அடித்தது. அடிபட்டுவிட்டது என்றே நினைத்தேன்.

"அம்மா, இழுக்காத! முட்டை கெடக்கு!" என்று மகள் கத்தினாள்.

நான்கு முட்டைகள். பம்பரம் போன்ற வடிவம், பழுப்பு நிறம், ஈரப் பளபளப்பு. பதறிப்போய்த் துரட்டியைத் தளர்த்தினேன். திட்டு சரிந்து தண்ணீர் முட்டைகளைத் தொட்டது. மறுபடி இழுத்துப் பிடித்ததும் நிமிர்ந்தது. நான் இழுத்த இழுப்பில் அடித்தண்டு அறுந்திருக்க வேண்டும். இப்போது அதைத் தாங்கியது என் துரட்டி மட்டுமே.

"விட்றாதம்மா. அது தாமரைக்கோழி. அடிபடல, நம்ம கவனத்தத் திருப்ப நடிக்குது. அதுல அடைகாக்குறது அப்பாப் பறவைதான். அசையாம இருந்தா வரும்."

"அப்பனா அடைகாக்குது? எங்க வீட்டு மனுசனக் கூட்டியாந்து காட்டணும்" என்றார் எதிர்வீட்டு அக்கா. பிறகு என் பக்கம் திரும்பி, "டீச்சர், கொடிக்கம்பமாட்டம் நிக்கிறீங்க. சல்யூட் அடிக்கவா?" சிரித்துக்கொண்டே எல்லோரையும் வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போனார்.

வெகுநேரம் கழித்து அந்தப் பறவை திட்டுக்கு வந்தது. ஒரு முட்டையை அலகுக்கும் மார்புக்கும் நடுவே அணைத்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்தது. திட்டைத் தாண்டி, நாங்கள் இன்னும் தொடாத அடர்ந்த இலைகளின் மேல் அதை வைத்துவிட்டுத் திரும்பியது. இரண்டாவது. மூன்றாவது. என் தோள் எரிந்தது. மூச்சுவிடவே பயமாக இருந்தது.

நான்காவது முட்டை என் பக்கமாக உருண்டு கொக்கியில் முட்டி நின்றிருந்தது. பறவை தயங்கியது. துரட்டியைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. பிறகு வந்தது. அதன் நீண்ட விரல் கொக்கியின் மேல் பட்ட அசைவு மூங்கில் வழியாக என் உள்ளங்கைக்கு வந்தது. அவ்வளவு சின்ன அசைவு. அதன் கூட்டைக் கலைத்தவள் நான். என் கைக்கு அருகிலேயே வந்து குனிந்து, முட்டையை அணைத்து, பின்னால் நடந்தது.

நான்கையும் வயிற்றுக்கடியில் தள்ளி அது உட்கார்ந்த பிறகே துரட்டியை விட்டேன். மடங்கிய விரல்கள் நிமிரவில்லை. மகள்தான் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள்.

"அங்கிட்டு யாரும் போக வேணாங்க" என்றார் அக்கா, மெதுவாக.

படித்துறையை ஒட்டி மட்டும் கொடியை எடுத்தால் போதும் என்று நானும் சொன்னேன்.