ஓரகத்தியின் பச்சை ஜூஸ்

என் கணவருடைய அண்ணன் மனைவி சான் ஹோசேயில் எங்கள் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறார். எடை குறைக்க ஒரு வாட்ஸ்அப் குழு நடத்தினார். பெண்கள் அத்தனை பேருக்கும் ஒரே வைத்தியம்: கீரையும் வெள்ளரியும் ஐஸ் போட்டு அரைத்த பச்சை ஜூஸ். சோறு கிடையாது. தினமும் எடை மெஷினில் ஏறி நின்று படம் எடுத்துப் போட வேண்டும். எல்லாருக்கும் இறங்கியது, எனக்கு மட்டும் ஏறியது. வயிறு உப்பி, கை கால் ஜில்லிட்டு, வெயில் காலத்திலும் ஸ்வெட்டரோடு ஆபீஸ் மீட்டிங்கில் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு பிறந்தநாள் விருந்தில் எல்லார் எதிரிலும் ஓரகத்தி கேட்டார்: “உண்மைய சொல்லு, திருட்டுத்தனமா சோறு சாப்பிடற இல்ல? மெஷின் பொய் சொல்லாதும்மா.” சிரித்தவர்களில் என் கணவரும் ஒருவர். பட்டினி கிடந்தவளைத் திருடி என்றால் வயிறு எரியாதா? இவரைச் சும்மா விடக்கூடாது என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டேன்.

ஆபீஸில் கூட வேலை செய்யும் கொரியப் பெண் சொல்லித்தான் அவர்கள் ஊர் மருத்துவம் பார்க்கும் டாக்டரிடம் போனேன். அவர் எடையைக் கேட்கவே இல்லை. நாடி பிடித்தார், நாக்கைப் பார்த்தார். வியர்க்குமா, தாகம் எடுக்குமா, வெந்நீர் பிடிக்குமா என்று குடைந்தார். ஜூஸ் கதையைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. உனக்குக் குளிர்ச்சியான உடம்பு, ஜீரணம் மந்தம், அதில் போய் ஐஸைக் கொட்டுகிறாயே என்றார். சூடாகச் சாப்பிடு, சோறும் அளவாகச் சாப்பிடு என்றார். எனக்கென்றே காய்ச்சிய கஷாயம் பாக்கெட்டுகளில் வந்தது. மகா கசப்பு. ஒவ்வொரு பாக்கெட்டையும் ஓரகத்தியின் முகத்தை நினைத்துக்கொண்டுதான் குடித்தேன்.

கோடை முடிவதற்குள் ஜீன்ஸ் இடுப்பில் நிற்கவில்லை.

ஆளுக்கொரு பதார்த்தம் சமைத்துக் கொண்டுவரும் தீபாவளி பாட்லக்கில் ஓரகத்தி சால்வை போர்த்திக்கொண்டு வந்திருந்தார். முகம் ஊதியிருந்தது. என்னைக் கிச்சனுக்குள் இழுத்துக்கொண்டு போனார். “என்ன பண்ணினன்னு என்கிட்ட மட்டும் சொல்லேன். எனக்கு இப்பல்லாம் வயிறு கல்லு மாதிரி இருக்கு. கை காலெல்லாம் ஜில்லுனு ஆயிடுது.”

நான் பட்ட அதே பாடு. டாக்டரின் நம்பர் என் போனில்தான் இருந்தது. எனக்குத் துளிக்கூட இரக்கம் வரவில்லை. அவர் கையைப் பிடித்து ஹாலுக்கு அழைத்து வந்து, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்: “எல்லாம் அக்காவோட ஜூஸ்தான்! ஒரு கிளாஸ் பத்தாது, நான் டெய்லி ரெண்டு குடிக்கறேன்.”

கை தட்டினார்கள். அவரும் சிரித்துத்தான் ஆக வேண்டியிருந்தது.

மறுநாள் காலை குழுவில் அவருடைய படம் வந்தது. இரண்டு கிளாஸ், விளிம்பு வரை ஐஸ். சுடச்சுடப் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டே முதல் ஆளாக ஒரு ஹார்ட் போட்டேன்.