உடைந்த பல் போன இடம்

எழுபதுகளின் தொடக்கத்தில், விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் சூளை முதலாளியிடம் டிரைவராக இருந்தேன். ஒரு நாள் சேத்தியாத்தோப்பு தாண்டி வருகையில் அவருடைய பழைய கார் 'டப்' என்ற சத்தத்தோடு நின்றது. ஹேண்டில் போட்டுச் சுற்றினேன். எஞ்சின் சுற்றியது, தீப்பொறியைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ரோட்டர் மட்டும் அசையவே இல்லை. இரண்டையும் இணைக்கும் பல்சக்கரம், டைமிங் கியர், போய்விட்டது. லாரியில் கயிறு கட்டி இழுத்து வந்தோம்.

அடுத்த திங்கட்கிழமை நான் நெய்வேலியில் லாரி வேலைக்குச் சேர வேண்டும். சூளைச் சுவரை ஒட்டிய ஒற்றை அறையில் குடியிருந்தோம். அடுப்பே இல்லாமல் அறை கொதிக்கும். முழுகாமல் இருந்த என் மனைவி பாத்திரங்களைச் சாக்கில் கட்டி வைத்துவிட்டாள்.

முதலாளி கோபப்படவில்லை. பட்டிருந்தால் கிளம்பியிருப்பேன்.

"எங்க வூட்டம்மாவ வாரா வாரம் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போவணும், ஒனக்கே தெரியும். வண்டிய ஓட வெச்சிட்டுப் போப்பா."

"கியரு மட்டுந்தாங்க மொதலாளி. மாட்டிட்டுக் கிளம்பிடறேன்" என்றேன். நம்பித்தான் சொன்னேன்.

முன்மூடியைக் கழற்றினேன். நாரில் செய்த பல்சக்கரத்தில் ஒரு பக்கம் பல்லே இல்லை. எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினால், பிஸ்டன் இடித்து இரண்டு வால்வு கோணியிருந்தன. மெட்ராஸுக்குச் சொல்லிவிட்டேன், புதுச் சாமான் சனிக்கிழமை ரயிலில் வந்து சேர்ந்தது. மாட்டி, ஓட்டிக் காட்டிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் உடைந்த பற்கள் எங்கே? எஞ்சினுக்குள் கீழேதான் விழுந்திருக்க வேண்டும்.

காருக்கு அடியில் படுத்து, எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் தேங்கும் தட்டின் போல்ட்டில் ஸ்பேனரை வைத்தபடி ரொம்ப நேரம் கிடந்தேன். யாரும் அதைத் திறக்கச் சொல்லவில்லை. வெளியே மனைவி யாரிடமோ நெய்வேலியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. முகத்துக்கு நேராக எஞ்சின். புரண்டு படுக்கக்கூட இடமில்லை.

திறந்தேன். எண்ணெய் உறிஞ்சும் சல்லடை முழுக்க நார்த்துணுக்கு. பல் ஒரே நாளில் போகவில்லை, பொடிப்பொடியாக ரொம்ப நாள் உதிர்ந்திருக்கிறது. எண்ணெய் ஏறாமல் பேரிங் தேய்ந்து, பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டில் கோடு விழுந்திருந்தது. விரலால் தடவினேன், கோட்டில் நகம் மாட்டியது. இனி தண்டை மெட்ராஸுக்கு அனுப்பிக் கிரைண்டிங் செய்ய வேண்டும். வாரக்கணக்கில் ஆகும்.

மனைவியிடம் சொன்னேன்.

"அந்தத் தட்ட தொறக்காம இருந்திருந்தா?"

"பாண்டிச்சேரி ரோட்டுல எங்கனா நின்னிருக்கும்."

"நாம போயிருப்போம் இல்லீங்க?"

ஆமாம் என்றேன். அவள் சாக்கை அவிழ்த்து உலைப்பானையை வெளியே எடுத்தாள்.

நெய்வேலியில் வேறு ஆளை வைத்துக்கொண்டார்கள். வண்டி மறுபடி ஓடியதும் முதலாளி சந்தோஷமாகத் தோளைத் தட்டி, "நீ இல்லன்னா யாருப்பா இத பாக்கறது" என்றார். அந்த வாரமே வீட்டம்மாவைப் பாண்டிச்சேரிக்கு ஓட்டிப் போனேன். மூத்தவள் பிறந்து, நடை பழகிய பிறகுதான் பண்ருட்டிப் பக்கம் ஒரு வேலை கிடைத்து அங்கிருந்து கிளம்பினோம்.