எழுபத்திரண்டு மட்டைகள்

கடந்த ஆண்டு முன்பள்ளி விளையாட்டுப் போட்டியில் என் பேத்தி கடைசியாக ஓடி வந்தாள். அதில் பிழையில்லை. ஆறு பேர் ஓடினால் ஒருவர் ஆறாவதாக வரத்தான் வேண்டும். ஆனால் ஒலிவாங்கி பிடித்திருந்தவர், நல்ல மனத்தோடுதான், "கடைசியா வாற பிள்ளைக்கு எல்லாரும் ஒருக்காக் கை தட்டுங்கோ" என்று சொல்லிவிட்டார். எல்லோரும் தட்டினார்கள். நானும் தட்டினேன். அவள் பாதி வழியில் நின்று எல்லோரையும் சுற்றிப் பார்த்தாள். பிறகு கோட்டை நோக்கி ஓடாமல் நேரே வந்து என் கதிரைக்குக் கீழே புகுந்துகொண்டாள். அதன் பின் பதினொரு நாள் பள்ளிக்குப் போகவில்லை.

இந்த ஆண்டு போட்டிக்கான கடிதம் வந்தபோது என் மகள் அதை மடித்து மடித்துச் சிறிதாக்கிக்கொண்டே கேட்டாள்.

"இந்த முறையும் அப்பிடி நடந்தா, தை மாசம் இவளைப் பெரிய பள்ளிக்கூடத்துக்கு எப்பிடியப்பா அனுப்புறது?"

எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை. முப்பத்துநான்கு ஆண்டுகள் நில அளவையாளனாக இருந்தவன் நான். நேர்கோட்டில் ஓடவிட்டால் முந்துவதும் பிந்துவதும் தூரத்திலிருந்தே தெரியும். வழியில் தடைகளை வைத்தால் பிள்ளைகள் ஒவ்வொரு தடையிலும் ஒருவரையொருவர் எட்டிப் பிடிப்பார்கள், கடைசி என்பது கண்ணுக்குத் தெரியாது. காலையில் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு முன்பள்ளிக்குப் போய் ரீச்சரிடம் சொன்னேன். அவர் இளம்பிள்ளை, சிரிப்பை அடக்கத் தெரியாதவர்.

"செய்யுங்கோ ஐயா. ஆனா பிள்ளையள் விழக்கூடாது, அழக்கூடாது, தாய்மார் சண்டைக்கு வரக்கூடாது."

"மூன்றும் குறிச்சுக்கொண்டன்" என்றேன்.

புத்தூரில் எங்கள் முன்பள்ளியின் மைதானம் முப்பத்தோரு மீற்றர் நீளம். ஆறு ஓட்டப் பாதைகள், ஒவ்வொன்றிலும் நான்கு தடைகள். முதலில் இரண்டு செங்கல்லுக்கு மேல் ஒரு பலகை, அதன் மேல் நடக்க வேண்டும். உயரம் மூன்று அங்குலம். அதற்கும் பயந்து கீழே வைக்கோல் பரப்பினேன். அடுத்தது குழாய்களை வளைத்துப் பழைய சேலைகளால் மூடிய சுரங்கம். அதற்கப்பால் மூன்று தோடம்பழங்களைக் கூடையில் போட வேண்டும். கடைசியில் பழைய பெட்டிகளிலிருந்து வெட்டியெடுத்த ஓரடிச் சதுர மட்டைகள் பன்னிரண்டு. ஒவ்வொன்றிலும் கால் வைத்துப் போனால் வெற்றிக் கோடு.

ஒத்திகையில் ஒரு தகப்பன் சுரங்கத்தைக் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஐயா, இதென்ன எலிப் பொந்தோ? உங்கடை பேத்தியின்ரை அளவுக்கு வெட்டின மாதிரிக் கிடக்கு. என்ரை மகன்ரை வண்டி உதுக்குள்ள போகாது." மகனின் தொப்பையையும் தட்டிக் காட்டினார்.

உண்மை. அவளின் அளவுக்குத்தான் வெட்டியிருந்தேன், இருபத்திரண்டு அங்குலம். வெட்கப்பட்டு நான்கு அங்குலம் உயர்த்தினேன். அவளுக்கு மொத்தம் நாற்பத்தெட்டு வினாடிகள் எடுத்தன. ஆறு பேரில் வேகமான பையனுக்கு முப்பத்தொன்று. பதினேழு வினாடி வித்தியாசம். தடைகளை எத்தனை முறை இடம் மாற்றியும் அது பதினான்குக்குக் கீழே இறங்கவில்லை. வீட்டிலும் கடதாசியில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"அப்பா, இது முன்பள்ளி. ஒலிம்பிக் இல்லை" என்றாள் மகள்.

புதன்கிழமைதான் அந்த யோசனை வந்தது. மட்டைகள் பன்னிரண்டு, உயிரெழுத்தும் பன்னிரண்டு. வெறும் மட்டையில் ஓடுவதைவிட அ, ஆ, இ என்று எழுத்துகளில் ஓடட்டுமே, பார்க்கவும் அழகு, படித்ததும் ஆகும். ஆறு பாதைக்கு எழுபத்திரண்டு மட்டைகள். மூன்று நாள் முதுகு நோக நோக நீல மையால் எழுதினேன். ஒரு 'ஐ' கலங்கிப் போனதால் எழுபத்துமூன்றாவதாக இன்னொன்று எழுத வேண்டியிருந்தது. மை காய்ந்தது போட்டி நாளான சனிக்கிழமை விடியத்தான். ஒத்திகை முழுவதும் வெறும் மட்டைகளில்தான் நடந்தது. ரீச்சரும் மட்டைகளைப் பார்த்துவிட்டு, "சோக்கா இருக்கு ஐயா" என்றார். எங்கள் இருவருக்கும் அது உறைக்கவில்லை. ஒரு துண்டுப் பத்திரிகை காலில் பட்டாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றுகிற வீடுதான் என்னுடையதும்.

விசில் ஊதியது. ஆறு பேரும் பலகையில் ஏறினார்கள். யாரும் விழவில்லை. சுரங்கத்துக்குள் ஆறு பேர் போனார்கள், ஐந்து பேர் வந்தார்கள். பிறகு ஆறாவதும் வந்தது. என் பேத்தி. தோடம்பழம் அவள் கையிலிருந்து இரண்டு தரம் உருண்டது. மற்ற ஐவரும் மட்டைகளை நோக்கி ஓடத் தொடங்கிவிட்டார்கள். ஒலிவாங்கிக்காரர் வாயருகே அதைக் கொண்டுபோவதைப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொள்ளலாமா என்றிருந்தது.

கை தட்டும் சத்தம் வரவில்லை.

முன்னால் வந்த பையன், அந்த வண்டி பெருத்த பையன்தான், 'அ' வுக்கு மேல் தூக்கிய காலோடு ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தான். ஆடினான். காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"ரீச்சர், இதிலை எழுத்துக் கிடக்கு!"

"ஓமடா ராசா, மிதிச்சுக்கொண்டு ஓடு!" என்று அவன் தகப்பன் கத்தினார்.

பையன் தகப்பனைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். குந்தினான். மட்டையை இரண்டு கையாலும் எடுத்து, இந்தக் கண்ணில் ஒரு தரம், அந்தக் கண்ணில் ஒரு தரம் ஒற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். அந்த இடத்தில் காலை வைத்தான். பிறகு 'ஆ' வை எடுத்தான். பக்கத்துப் பாதையில் இருந்தவளும் குந்தினாள். அடுத்தவனும். யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. போன விஜயதசமியில்தான் அந்தப் பிள்ளைகள் ஐயர் விரலைப் பிடிக்க அரிசியில் 'அ' எழுதியவர்கள். நான் அதை மறந்தேன், அவர்கள் மறக்கவில்லை.

ஒலிவாங்கி பிடித்தவரின் கை கீழே தொங்கியது. என் பேத்தி ஓடி வந்து சேர்ந்தபோது ஐந்து பேரும் நிலத்தில் குந்தியிருந்தார்கள். அவளும் குந்தினாள். என் பதினான்கு வினாடியும் எங்கே போனதென்று தெரியவில்லை.

அப்போதுதான் குனிந்து பார்த்தேன். என் வலது செருப்பு, காலையில் மட்டைகளை அடுக்கும்போது நான் ஒதுக்கிப் போட்ட அந்தக் கலங்கிய 'ஐ' யின் மேல் இருந்தது. எவ்வளவு நேரமாக நின்றேனோ தெரியாது. முழங்கால் நோவோடு குனிந்து எடுத்து நானும் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். என்னை யாரும் கவனிக்கவில்லை. எல்லோர் கண்ணும் அந்த ஆறு பேரில்தான்.

மட்டைக் கட்டுகளை அணைத்துக்கொண்டு, நடுவில் விழுந்ததைப் பொறுக்கி, ஆளுக்காள் எடுத்துக் கொடுத்து, ஒரு மாதிரிக் கோட்டைக் கடந்தார்கள். என் பேத்தி ஆறாவதாகத்தான் வந்தாள். எனக்குத் தெரியும், நான் எண்ணினேன். அவளுக்குத் தெரியாது. கதிரைக்குத் திரும்பியிருந்த என்னிடம் நேரே வந்து மட்டைகளை என் மடியில் கொட்டினாள்.

"அம்மப்பா, பன்னிரண்டும் இருக்கோ எண்டு எண்ணிப் பாருங்கோ."

எண்ணினேன். இருந்தன.

வீட்டுக்குப் போகுமுன் எழுபத்திரண்டையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். எங்கள் மண் செம்மண், தொட்டால் ஒட்டும். ஒன்றிலாவது ஒரு பிஞ்சுக் கால் தடம் இல்லை. விரல் தடங்கள்தான். தடம் இருந்தது ஒதுக்கிப் போட்ட அந்தக் கலங்கிய 'ஐ' யில் மட்டும், எட்டாம் இலக்கச் செருப்பு.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு நான் படலையைத் திறக்கப் போனபோது அவள் சப்பாத்துகளைக் கால் மாறிப் போட்டுக்கொண்டு ஏற்கெனவே அங்கே நின்றாள்.

"கெதியா வாங்கோ அம்மப்பா, பிந்தப் போகுது" என்றாள்.