எல்லாக் கணக்கும் ஒரே போர்வையில்

வங்கித் தொழிலில் ஒரு வில்லங்கம் உண்டு: யோசனை பிறப்பது கொழும்பில், அதற்குப் பேச்சு வாங்குவது ஊரில் கவுண்டருக்குப் பின்னால் இருப்பவர்.

சண்டை முடிந்து, வீதியில் ஆமி போட்டிருந்த சென்றிகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருந்த காலம். மட்டக்களப்பு டவுனில் இருந்த எங்கள் கிளைக்கு ஒரு புதுச் சேவை வந்தது. எங்கள் வங்கியின் எந்தக் கிளையில் உங்களுக்கு எத்தனை கணக்கு இருந்தாலும், இன்டர்நெட்டில் ஒரே திரையில் அத்தனையையும் பார்க்கலாம். எங்கள் பக்கத்தில் காசுக்குப் பஞ்சம் இருந்தாலும் கணக்குக்குப் பஞ்சம் இருக்கவில்லை. சுனாமிக்குப் பிறகு வந்த உதவி நிறுவனங்கள், தங்கள் காசு மற்ற நிறுவனத்தின் காசோடு கலந்துவிடக் கூடாது என்று, சனத்தைப் பிடித்துப் பிடித்துப் புதுக் கணக்குத் திறக்க வைத்தன. வீட்டுக்கு ஒன்று, வலைக்கு ஒன்று, கோழிக்கு ஒன்று. நிறுவனங்கள் போய்விட்டன. கணக்குகள் நின்றுவிட்டன.

கிளையில் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்தவள் நான் ஒருத்திதான் என்பதால் இந்தச் சேவை என் தலையில் விழுந்தது. வாசலுக்குப் பக்கத்தில் ஒரு மேசை, வருகிறவர்கள் பார்க்கும்படி திருப்பி வைத்த ஒரு திரை, சனத்துக்கு நான் "மிஸ்". கடவுச்சொல்லை மறந்து, பூட்டுப்பட்டு, அதைத் திறக்கத் திரும்ப வரிசையில் நின்றவர்கள் உங்களிலும் இருப்பார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் நீங்கள் பட்டதைத்தான் இந்தப் பக்கம் நான் பட்டேன்.

போஸ்டர்

சேவை வருவதற்கு முன்பே அதன் போஸ்டர் வந்தது. கொழும்பில் யாரோ ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கி, வேறு யாரோ அச்சுக்குக் கொடுத்து, ஒருவரும் வாசிக்காமல் அனுப்பியிருந்தார்கள். "உங்கள் கணக்குகள் அனைத்தும் ஒரே பார்வையில்" என்று வந்திருக்க வேண்டும். பகரத்துக்கு முன்னால் ஒரு கொம்பு கூடிவிட்டது. சிரித்துக்கொண்டிருந்த ஒரு குடும்பத்தின் தலைக்கு மேல், "உங்கள் கணக்குகள் அனைத்தும் ஒரே போர்வையில்" என்று பெரிய எழுத்தில் நின்றது.

மனேஜர் கொழும்புக்குப் போன் எடுத்தார். வடக்கு கிழக்கு முழுக்க அனுப்பியாகிவிட்டது, மாட்டுங்கள் என்றார்கள். மாட்டினோம். பென்சன் எடுக்க வந்த ஒரு பழைய தமிழ் வாத்தியார் அதன் முன்னால் நின்று, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு மறுபடி வாசித்தார். பிறகு என் மேசைக்கு வந்து, பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல் சொன்னார்: "மிஸ், என்ட கணக்கு ஆரோட படுத்துக் கிடக்கெண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்க. மனிசிக்குத் தெரிய முன்னம் பிரிச்சு வைப்பம்."

தோணியும் எஞ்சினும்

யோகராசா மாங்கேணியில் மீன்பிடிப்பவர். சுனாமியில் தோணி, எஞ்சின், வலை எல்லாம் போனது. முதலில் வந்த நிறுவனம் எஞ்சினுக்குக் காசு கொடுத்தது. எஞ்சினை வாங்கி, சாக்கால் மூடி, தோணிக்காகக் காத்திருந்தார். தோணி தருவதாகச் சொன்ன நிறுவனம் படிவம் நிரப்பிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கம் சண்டை தொடங்கிவிட்டது. குடும்பத்தோடு முகாமுக்கு ஓடினார். திரும்பி வந்தபோது சாக்கு மட்டும் கிடந்ததாம். அதற்குப் பிறகுதான் தோணிக் காசு வந்து சேர்ந்தது.

ஒரு ஷொப்பிங் பை நிறையப் பாஸ் புத்தகங்களோடு என்னிடம் வந்தார். நான் பட்டனை அமர்த்தினேன். கணக்குகள் வரிசையாக இறங்கின. ஒவ்வொன்றிலும், முழுக்க எடுக்க வங்கி விடாது என்பதால் மிஞ்சிக் கிடந்த அடித்தொகை. பயிற்சியில் சொல்லித் தந்தபடி, "பாருங்க அண்ணே, உங்கட நிதி நிலைமை முழுக்க ஒரே இடத்தில" என்றேன். அப்படியென்றால் எல்லாவற்றையும் மூடி, மிஞ்சியதை ஒன்றாக்கித் தரச் சொன்னார். பார்க்கத்தான் இங்கே முடியும், மூடுவதென்றால் திறந்த கிளைக்குக் கிளை போக வேண்டும் என்றேன். அந்த பஸ் காசுக்கு அந்த மிச்சம் காணாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

அவர் கோபப்படவில்லை. திரையில் இரண்டு வரிகளை மட்டும் விரலால் தொட்டுப் பார்த்தார். "எஞ்சின் தந்தவனும் தோணி தந்தவனும் ஒரு நாளும் பேசிக்கொள்ளல்ல மிஸ். எஞ்சின் இருக்கக்குள்ள தோணி இல்ல, தோணி வரக்குள்ள எஞ்சின் இல்ல. ரெண்டும் பக்கத்தில பக்கத்தில நிக்கிறத இண்டைக்குத்தான் காணுறன்."

காக்காவும் தம்பியும்

காத்தான்குடியில் புடவைக்கடை வைத்திருந்த இரண்டு சகோதரர்கள் ஒன்றாக வந்தார்கள். மூத்தவரை இளையவர் "காக்கா" என்று கூப்பிட்டார். அங்கே அண்ணனுக்கு அதுதான் சொல். கடை இரண்டு பேருக்கும் பொது. புதுச் சேவை என்றால் கடைத்தெருவில் முதலில் தங்களிடம் இருக்க வேண்டும் என்று மூத்தவருக்கு ஒரு பெருமை. அவருடைய பெயரில் பதிந்து, திரையைத் திறந்து, இரண்டு பேரும் வடிவாகப் பார்க்கும்படி திருப்பிவிட்டேன். அதுவும் பயிற்சியில் சொன்னதுதான்.

மேலே கடைக் கணக்கு. அதற்குக் கீழே ஏறாவூர்க் கிளையில் ஒரு கணக்கு, கடைக் கணக்கைவிடக் கொழுத்து நின்றது.

இளையவர் வாசித்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "காக்கா, ஏறாவூரில நமக்குக் கடை இருக்கா?"

"மகளுக்கு வீடு கட்டிக் குடுக்கணும்தானே," என்று மூத்தவர் மேசையைப் பார்த்துச் சொன்னார்.

அங்கே பெண் பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம். அதனால் சொன்னது பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் கடையில் காசு தட்டுப்பாடு என்று சொல்லி இளையவரின் கூரை வேலையை இவர்தான் நிறுத்தி வைத்திருந்தார் என்பது அவர்கள் பேச்சிலேயே வெளிவந்தது. இரண்டு பேரும் எழும்பிச் சத்தம் போடப்போகிறார்கள் என்று மனேஜரின் அறையைப் பார்த்தேன். இளையவர் முகத்தில் கோபம் வரவில்லை, வேறு ஏதோ கணக்கு ஓடியது. கடைசியில் அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். "தங்கச்சி, எனக்கும் இதப் பதிஞ்சு தாங்க. அதுக்கு முதல் காக்காவ ஒரு டீ குடிச்சிட்டு வரச் சொல்லுங்க."

நீங்கள் யார்?

வெல்லாவெளிப் பக்கத்தில் நிறைய வயல் வைத்திருந்த ஒரு போடியார், கனடாவில் இருந்த மகள் இதில் பதியச் சொல்லிக் கொடுத்த கரைச்சல் தாங்காமல் வந்தார். கடவுச்சொல் மறந்துபோனால் ஆளை அடையாளம் காண, கம்ப்யூட்டர் முன்கூட்டியே சில கேள்வி கேட்டு வைத்துக்கொள்ளும். நான் வாசித்தேன்.

"நீங்கள் பிறந்த வீடு இருந்த தெரு?"

"தெருவோ? வட்டைக்குள்ள வீடு. நாலு பக்கமும் வயல். வரம்பாலதான் போறது வாறது."

"தாயாரின் கன்னிப் பெயர்?"

"பொன்னம்மா."

"அது கலியாணத்துக்கு முன்னம் இருந்த பெயரா?"

"முன்னமும் பொன்னம்மா, பின்னமும் பொன்னம்மா. பேர மாத்தவோ கலியாணம் முடிக்கிற?"

"முதன்முதலில் வளர்த்த செல்லப்பிராணியின் பெயர்?"

எருமைப் பட்டியில் எதை முதல் என்று சொல்வது என்று அவர் உண்மையாகவே யோசித்தார். நான் ஏதோ ஒன்றை அடித்துவிட்டேன். அடுத்த கிழமையே பூட்டுப்பட்டு வந்தார். நான் அடித்ததை நானும் மறந்துவிட்டேன். கம்ப்யூட்டர் அவரை அவர் இல்லை என்று சொல்லிவிட்டது. அந்த வங்கியில் அவர் காசு போடத் தொடங்கியது நான் பிறப்பதற்கு முன்னம்.

போடியார் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழும்பினார். "இவ்வளவு காலமும் ரோட்டில ஆமி மறிச்சுக் கேட்டான், நான் ஆரெண்டு சொன்னன், விட்டான். என்ட காச நான் பாக்கிறதுக்குச் சொன்னா மட்டும் விடமாட்டீங்க, என்ன?"

ஒரு சொல்

பூரணம் என்ற அம்மா, வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையிலிருந்து துறைப் படகில் கடந்து வந்தவர். அரசாங்கத்தின் கோழி வளர்ப்பு உதவிக்காக அவருக்கு ஒரு புதுக் கணக்குத் தேவைப்பட்டது. என் பதிவு எண்ணிக்கையில் ஒரு ஆள் கூடட்டும் என்று, கேட்காமலே அவருடைய அடையாள அட்டை எண்ணை அடித்துத் திரையைத் திறந்தேன். அவருக்கு ஏற்கெனவே ஒரு கணக்கு இருந்தது, மகனோடு சேர்த்து. சுனாமி வீடுகள் கட்டிய இடத்தில் மேசன் வேலை செய்த மகன், சம்பளம் போடுவதற்காகத் திறந்தது. சண்டையின் கடைசி வருசங்களில் ஒரு நாள் காலையில் வேலைக்குப் போனவன் திரும்பி வரவில்லை.

கன காலம் தொடாத கணக்குக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் இருக்கிறது. கொழும்பில் இருந்த எங்கள் மொழிபெயர்ப்பாளர் அதற்குத் தமிழில் "மரித்த கணக்கு" என்று போட்டிருந்தார். மகனின் பெயருக்கு நேரே, சாம்பல் நிறத்தில். அம்மா அதை எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"இதென்ன மகள், அவன்ட பேருக்குப் பக்கத்தில?"

"கொடுக்கல் வாங்கல் இல்லாட்டி அப்படிப் போடும் அம்மா. அது கணக்கச் சொல்லுது, ஆளையில்ல."

"ஆர் சொன்னது?"

"கம்ப்யூட்டர்."

"கம்ப்யூட்டருக்கு ஆர் சொன்னது?"

மரணச் சான்றிதழ் எடுத்தால் உதவிப்பணம் கிடைக்கும் என்று ஊரில் பலர் சொல்லியும் எடுக்காமல் இருந்தவர் அவர். அரசாங்கத்தின் கச்சேரி அலுவலகம் சொல்லாததை நாங்கள் சொல்லியிருந்தோம். இந்தச் சொல்லை எப்படி எடுப்பது என்று கேட்டார். ஏதாவது காசு போட்டால் போய்விடும் என்றேன். சேலைத் தலைப்பில் முடிந்திருந்ததை அவிழ்த்து அப்படியே கவுண்டரில் போட்டார். திரும்பிப் போக பஸ்ஸுக்கு வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். "துறையடிக்கு நடப்பன்," என்றார். எழுத்துக் கறுப்பாகி, அந்தச் சொல் போகும்வரை என் மேசைக்குப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்.

அந்தச் சொல்லை மாற்றும்படி நான் கொழும்புக்கு எழுதினேன். அடுத்த தடவை திருத்தும்போது கவனிக்கிறோம் என்று பதில் வந்தது. அவர்கள் கவனிக்கும்வரை அம்மா காத்திருக்கவில்லை. இடைக்கிடை வந்து சின்னத் தாள் ஒன்றைப் போட்டுவிட்டுப் போவார். புதிதாக வந்த காசாளர் ஒருவர், இந்தக் காசைச் சேர்த்து எப்போது எடுக்கப்போகிறீர்கள் என்று விளையாட்டாகக் கேட்டார். அம்மா சிட்டையை மடித்து வைத்துக்கொண்டு சொன்னார்: "எடுக்கிறதுக்கில்ல தம்பி. அந்தச் சொல்லு திரும்ப வராமப் பாக்கிறதுக்கு."

கொழும்பிலிருந்து வந்தவர்

சேவை எப்படி நடக்கிறது என்று பார்க்கத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்தார். கழுத்தில் டையோடு, மட்டக்களப்பு வெயிலில். மனேஜர் காட்டிய பதிவு எண்ணிக்கையில் பாதிக்கு மேல் நாங்களும் எங்கள் மாமன் மச்சான்மாரும் என்பதை ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை. கிழக்கு விழித்தெழுகிறது என்று ஆங்கிலத்தில் நீளமாகப் பேசினார். பேச்சு முடிந்து செய்து காட்டச் சொன்னபோது லைன் இல்லை. வெளியே வீதி அகலமாக்கிக்கொண்டிருந்தவர்கள் வயரை வெட்டியிருந்தார்கள். அபிவிருத்தி என்றால் அப்படித்தான் என்று அவரே சமாதானம் சொல்லி, மிகத் திருப்தி என்று அறிக்கையில் எழுதிக்கொண்டார்.

மற்றவர்கள் சாப்பாட்டுக்கு எழும்பிப் போன பிறகு அவர் மட்டும் என் மேசைக்குத் திரும்பி வந்தார். கதிரையை இழுத்து நெருக்கி இருந்தார். காலையிலிருந்து ஒரு சொல்லும் தமிழில் பேசாதவர் அப்போதுதான் தமிழில் வாய் திறந்தார்: "மிஸ், வீட்ட என்ட வைஃபும் இதத் திறந்து பாக்கிறவ. ஒரு கணக்க மட்டும் காட்டாம விட ஏதும் வழி இருக்கா?"

எல்லாவற்றையும் காட்டும் மெசினுக்கு முன்னால் நான் இருந்த காலம் முழுக்க, காட்டித் தாருங்கள் என்று வந்தவர்களைவிட மூடித் தாருங்கள் என்று எழும்பிப் போனவர்களே அதிகம்.